யூரியா எறிந்தும் பயிர் ஏன் மஞ்சளிக்கிறது? நீர் நின்ற வயல் மண்ணுக்குள் நடப்பது என்ன

கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வயல்வெளிகளில் ஒரு முறைப்பாடு கேட்கும். "வெள்ளம் வடிஞ்சு ரெண்டு கிழமையாச்சு, யூரியாவும் எறிஞ்சாச்சு, பயிர் இன்னும் மஞ்சளாத்தான் நிக்குது." 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்ததைப் போன்ற பெருமழை பெய்த ஆண்டுகளில் இது இன்னும் பலமாகக் கேட்கும். பக்கத்து வயல்காரரிடம் கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கும்: "இன்னும் கொஞ்சம் போட்டுப் பாருங்கோ."

அந்தப் பதில் பெரும்பாலும் பிழை. நீர் நின்ற மண்ணில் பயிருக்கு எந்தச் சத்து கிடைக்கும், எது கிடைக்காது என்பதை மூடைக் கணக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. மண்ணிலுள்ள நுண்ணங்கிகள் அந்த நேரத்தில் எதைக் கொண்டு சுவாசிக்கின்றன என்பதே அதை முதலில் தீர்மானிக்கிறது. நமது குடாநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. புழுதியில் விதைக்கும் நமது வயல், விதைத்து ஒரு மாதம் மேட்டு நிலம் போலவும் பிறகு இரண்டு மாதம் சதுப்பு நிலம் போலவும் நடந்துகொள்கிறது. இந்த மாற்றத்தில்தான் சத்து தொலைகிறது.

தண்ணீர் நின்றால் மண்ணுக்கு என்ன ஆகிறது

மண்ணின் பருமனில் ஏறக்குறையப் பாதி இடைவெளிதான். காய்ந்த காலத்தில் அதில் காற்று இருக்கும். மழை பெய்து அந்த இடைவெளிகள் நிரம்பினால் காற்று வெளியேறிவிடும். வெளியேறிய ஒட்சிசன் திரும்ப உள்ளே வரவும் வழியில்லை. காற்றில் பரவுவதை விட நீரில் ஒட்சிசன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். ஆனால் ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் பக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை மிச்சமிருக்கும் ஒட்சிசனைச் சில மணித்தியாலங்களில், மிஞ்சினால் ஓரிரு நாட்களில் முடித்துவிடும்.

மூன்று நான்கு கிழமை தண்ணீர் நின்ற வயலில் கையை விட்டு ஒரு பிடி மண்ணைக் குலையாமல் கிளப்பிப் பாருங்கள். மேலே சில மில்லிமீற்றர் தடிப்பில் செம்பழுப்பு நிறப் படை ஒன்று இருக்கும். அதன் கீழே மண் சாம்பல் நிறம், இடையிடையே நீலம் பாய்ந்தது போல, வேர் அழுகிய இடங்களில் கறுப்பு. கால் வைத்த இடத்தில் குமிழி குமிழியாக வாயு கிளம்பும். நாற்றமும் அடிக்கலாம். அதே பிடியில் ஒரு நெற்பயிரின் வேர் அகப்பட்டால், வேரைச் சுற்றி மட்டும் துரு நிறத்தில் மெல்லிய பூச்சு தெரியும்.

இந்த ஒரு பிடி மண்ணுக்குள் மூன்று வேறு உலகங்கள் இருக்கின்றன:

1. மேற்படை. தேங்கிய நீரிலிருந்து ஒட்சிசன் கொஞ்சம் இறங்கும் இடம். செம்பழுப்பு நிறம் இரும்பின் துரு.
2. உள்மண். ஒட்சிசன் அறவே இல்லாத பகுதி. வயல் மண்ணின் மிகப் பெரும் பங்கு இதுதான்.
3. வேர்ச் சூழல். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் உண்டு. இலை வழியாக இறங்கும் ஒட்சிசனில் ஒரு பகுதி வேரிலிருந்து வெளியே கசியும். வேரின் துருப்பூச்சு அதன் அடையாளம். வெங்காயமும் மிளகாயும் இரண்டு நாள் வெள்ளத்தில் செத்துப்போக, நெல் நிற்பது இந்தக் குழாய்களால்தான்.

ஒட்சிசன் தீர்ந்த பிறகு

சுவாசம் என்றால் உணவை எரித்துச் சக்தி எடுப்பது. எரிக்கும்போது வெளிப்படும் இலத்திரன்களை வாங்கிக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். நமக்கும் மேற்படை நுண்ணங்கிகளுக்கும் அந்தப் பொருள் ஒட்சிசன். அது இல்லாத இடத்தில் பல பக்டீரியாக்கள் வேறு பொருள்களைக் கொண்டு ஒப்பேற்றும். 2022 நெருக்கடியில் காஸ் முடிந்த வீடுகள் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் போனதையும், அதுவும் இல்லாதபோது விறகு, பிறகு பனைமட்டை என்று இறங்கியதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கூடிய வெப்பம் தருவது முதலில், குறைந்தது கடைசியில். மண்ணிலும் அதே ஒழுங்கு:

1. நைத்திரேற்று. ஒட்சிசனுக்கு அடுத்த நல்ல மாற்று. வெப்பமான மண்ணில் சில நாட்களுக்குள் தீர்ந்துவிடும். பக்டீரியா அதைப் பயன்படுத்தி முடித்ததும் அது நைதரசன் வாயுவாகி வானத்துக்குப் போகும். ஒரு சிறு பங்கு நைதரசு ஒட்சைட்டாகும். அது காபனீரொட்சைட்டை விடப் பல மடங்கு வலுவான பசுங்குடில் வாயு.
2. மங்கனீசு. நீரில் கரையாத வடிவிலிருந்து கரையும் வடிவுக்கு மாறும். பெரும்பாலான வயல்களில் இதனால் பெரிய லாபநட்டம் இல்லை.
3. இரும்பு. இதுதான் அளவில் பெரிய களஞ்சியம். செம்மை நிறம் தரும் துரு வடிவம் கரைந்து மண் சாம்பல் நிறமாகும். அதோடு அந்தத் துரு பிடித்து வைத்திருந்த பொசுபரசும் விடுபடும். இது நடக்க ஒன்றிரண்டு கிழமை செல்லும்.
4. சல்பேற்று. இதைக் கொண்டு சுவாசிக்கும் பக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும். கூழ்முட்டை நாற்றம் அதனுடையது.
5. காபனீரொட்சைட்டும் அசற்றிக் அமிலமும். மற்ற எல்லாம் தீர்ந்த பிறகு ஆர்க்கியா என்னும் தொல்லுயிரிகள் இவற்றிலிருந்து மெதேன் வாயுவை உண்டாக்கும். கால் வைத்ததும் கிளம்பும் குமிழியில் இதுவும் நிறைய இருக்கும்.

கோடு கிழித்தாற்போல ஒன்று முடிந்துதான் அடுத்தது தொடங்கும் என்றில்லை. ஒரே வயலில் ஒரு மூலை மூன்றாம் படியில் நிற்க, வைக்கல் குவிந்து அழுகிய மூலை ஐந்தாவதில் இருக்கலாம். உக்கக்கூடிய பொருள் எவ்வளவு கூடவோ அவ்வளவு விரைவாக மண் இந்தப் படிகளில் இறங்கும்.

இந்த இரசாயனத்தை ஒழுங்குபடுத்தி உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் ஓர் இலங்கையர். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தில் மண் இரசாயனவியலாளராக இருந்த பீலிக்ஸ் பொன்னம்பெரும 1972இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் இத்துறையில் எடுத்தாளப்படுகிறது. நமக்கு வேண்டிய ஒரு முடிவும் அதில் உண்டு. அமில மண்ணில் நீர் நின்றால் பிஎச் பெறுமானம் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஏறும், சுண்ணாம்பு மண்ணில் இறங்கும். இரண்டும் சில கிழமைகளில் 6.5 முதல் 7 வரையிலான நிலைக்குக் கிட்ட வந்து சேரும். சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் குடாநாட்டுக்கு இது சின்ன விடயமில்லை.

நைதரசன் தொலையும் வழிகள்

யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். 50 கிலோ மூடையில் 23 கிலோ. வெப்பவலய வயல்களில் எறிந்த நைதரசனில் நெல் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதந்தான். அதாவது மூடைக்கு 7 முதல் 9 கிலோ. மிச்சம் போகும் வழிகள் இவை:

முதல் வழி, அமோனியா வாயு. யூரியா நீரில் கரைந்ததும் யூரியேசு என்ற நொதியம் சில நாட்களில் அதை அமோனியமாக்கும். பகலில் வயல் நீரிலுள்ள பாசி ஒளித்தொகுப்புச் செய்து நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிவிடும். அதனால் நண்பகல் அளவில் நீரின் பிஎச் 9க்கும் மேலே போகலாம். அந்த நிலையில் அமோனியம், அமோனியாவாக மாறிக் காற்றோடு போய்விடும். இரவில் பிஎச் திரும்ப இறங்கும். பயிர் சிறிதாக, வெயில் நேரே நீரில் விழும் காலத்தில் இழப்பு மிக அதிகம். பயிர் அடர்ந்து நிழல் விழுந்த பிறகு பாசியும் குறையும், வேரும் விரைவாக உறிஞ்சும், இழப்பும் குறையும்.

இரண்டாவது வழிதான் வஞ்சகமானது. மேற்படையில் ஒட்சிசன் இருக்கிறது என்று மேலே கண்டோம். அங்கே நைத்திரோசோமோனாசு, நைத்திரோபக்டர் முதலிய பக்டீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும். அமோனியம் களியோடு ஒட்டி நிற்கும், நைத்திரேற்று ஒட்டாது. நீரோடு அது கீழே இறங்கும். ஒரு விரற்கடை கீழே ஒட்சிசனுக்கு ஏங்கிக் கிடக்கும் பக்டீரியாக்கள் அதைச் சுவாசித்து வாயுவாக்கிவிடும். ஆக, ஒரு சென்ரிமீற்றருக்குள்ளேயே மேலே ஒரு கூட்டம் சத்தை ஆயத்தம் செய்ய, கீழே இன்னொரு கூட்டம் அதை முடித்துவிடுகிறது. ஜப்பானிய மண்ணியலாளர் ஷியோயிரி கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே இதைக் காட்டி, பசளையை மேலே வீசாமல் உள்மண்ணில் புதைக்கச் சொன்னார். பங்களாதேஷில் யூரியாவைக் குளிசையாக அமுக்கி 7 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைப்பது இதே தத்துவத்தில்தான். வரிசையில் நடும் வயலுக்கு அது சரி. விதைத்த வயலில் எங்கே புதைப்பது?

மூன்றாவது, வழிந்தோட்டம். நமது வயல்களில் நீர் வரம்பு கடந்து வயலுக்கு வயல் இறங்கும். எறிந்த அன்று இரவு மழை அடித்தால் யூரியா கீழ் வயல்காரருக்கு.

நான்காவதை இழப்பு என்று சொல்ல முடியாது. நுண்ணங்கிகள் தங்கள் உடலைக் கட்ட ஒரு பங்கை எடுக்கும். அவை சாகும்போது அது மண்ணுக்கே திரும்பும். பசளை போட்ட வயலில்கூட நெல் எடுக்கும் நைதரசனில் பாதிக்கு மேல் வழமையாக மண்ணிலிருந்தே வருகிறது. மூடையை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் களஞ்சியத்தை மறந்துவிடுகிறார்கள்.

யாழ்ப்பாண நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால்

நீர்ப்பாசனத்தில் சேறடித்து விதைக்கும் வயலில் மண் தொடக்கத்திலிருந்தே நீருக்குள் இருக்கும். நைத்திரேற்று உண்டாகும் வாய்ப்பு குறைவு. நமக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலான வயல்கள் மாரி மழையை நம்பிய ஒரு போக வயல்கள்.

1. தை, மாசியில் அறுவடை. பிறகு ஏழெட்டு மாதம் வெயில். மண் பாளம் பாளமாக வெடித்து நுண்ணங்கிகள் பெருமளவில் சாகும்.
2. ஆவணி, புரட்டாதியில் முதல் மழை. காய்ந்த மண் நனைந்ததும் தப்பிய நுண்ணங்கிகள் செத்தவற்றையும் பழைய உக்கலையும் வேகமாக உடைக்கும். சில நாட்களில் நிறைய நைதரசன் விடுபடும். 1950களில் பேர்ச் என்ற ஆய்வாளர் விவரித்ததால் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது.
3. உழவும் புழுதி விதைப்பும். மண்ணில் காற்று நிறைய. விடுபட்ட நைதரசன் நைத்திரேற்றாகும். விதையோடு யூரியாவும் போட்டிருந்தால் அதுவும் இரண்டு மூன்று கிழமைக்குள் நைத்திரேற்றுத்தான். முளைத்த பயிரோ இன்னும் விரலளவு, பத்தில் ஒன்றைக்கூட எடுக்க அதனால் முடியாது.
4. ஐப்பசிக் கடைசி, கார்த்திகை. வயல் நிரம்பும். சேர்ந்திருந்த நைத்திரேற்று மேலே சொன்ன வரிசையின் முதற்படி. சில நாட்களில் காலி.

பயிர் மட்டம் வெடிக்க, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் விடத் தொடங்கும் நேரத்தில் களஞ்சியம் வெறுமையாக நிற்பது இதனால்தான். வெள்ளம் "சத்தைக் கழுவிக்கொண்டு போயிற்று" என்று சொல்வோம். மணற்பாங்கான வயலில் அது உண்மை. களிப் பள்ளங்களில் கழுவிப் போனதை விட வாயுவாகப் போனதே அதிகமாக இருக்கும்.

இதிலிருந்து சில நடைமுறைகள் தாமாகவே வருகின்றன. புழுதி விதைப்பில் விதையோடு யூரியா போடுவது காசைக் காற்றில் விடுவது. பயிர் பிடித்து மூன்று நான்கு இலை வந்த பிறகு முதல் மேற்கட்டுப் பசளையைப் போடலாம். முழங்கால் நீரில் எறிவதும் வீண். கடவையை வெட்டி நீரை மண் மட்டம்வரை வடித்து, ஈரமண்ணில் எறிந்து, பிறகு நீரை மறித்தால் யூரியா நீரோடு உள்ளே இறங்கும். வானிலை அறிக்கையில் பெருமழை சொன்னால் இரண்டு நாள் பொறுங்கள். எறிந்த பிறகு வயலைக் காயவிட்டுத் திரும்ப நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நைத்திரேற்றாகி ஒழியும். மழையை நம்பிய வயலில் இது நம் கையில் இல்லை. ஆனால் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட்டால் நட்டம் குறையும்.

வேம்பு விடயமும் இங்கேதான் வருகிறது. வேப்பங்கொட்டையிலுள்ள சில சேர்வைகள் அமோனியத்தை நைத்திரேற்றாக்கும் பக்டீரியாக்களை மந்தமாக்கும். இந்தியா 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசி விற்கச் செய்தது. பசளையைக் கைத்தொழில்களுக்குத் திருப்புவதைத் தடுப்பதும் அதன் ஒரு நோக்கம். வேம்பு காடாக நிற்கும் நமது ஊர்களில் வேப்பம் பிண்ணாக்கை யூரியாவோடு புரட்டி ஒரு நாள் வைத்து எறிவது செலவு குறைந்த வழி. அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். இழப்பைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

வயலுக்கு நட்டம், கிணற்றுக்கு நன்மை

குடாநாட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டும் இடங்கள் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் நெல் வயலையும் சேர்த்துக் குற்றஞ்சாட்டுகிறார்கள். இது நியாயமில்லை. நைத்திரேற்று சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்குவது பெரும்பாலும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிவாகச் செய்யும் செம்மண் தோட்டங்களிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும்தான். நீர் நின்ற களி வயலின் உள்மண் நைத்திரேற்றை வாயுவாக்கிவிடுவதால் அது ஒரு வகையில் வடிகட்டி. பள்ள வயல்களை மண் போட்டு நிரப்பி வீடு கட்டும்போது இந்த வடிகட்டியும் போகிறது.

பொசுபரசு, பொற்றாசியம்

இவை சுருக்கமாக முடியும். இரும்புத் துரு கரையும்போது பொசுபரசு விடுபடும். சுண்ணாம்பு மண்ணில் பிஎச் இறங்குவதால் கல்சியத்தோடு கட்டுண்ட பொசுபரசும் கொஞ்சம் கரையும். ஆகவே அதே மண்ணில் தோட்டப் பயிர் பொசுபரசுக்குத் தவிக்கும்போதும் நெல் தவிக்காமல் போகலாம். வருடாவருடம் ரிஎஸ்பி என்னும் பொசுபரசுப் பசளையை அள்ளிப் போடும் வயலில் மண்ணைச் சோதித்துப் பார்த்தால் அந்தச் செலவில் ஒரு பகுதி மிஞ்ச வாய்ப்புண்டு. வயல் காய்ந்ததும் புதிதாகத் தோன்றும் துரு பொசுபரசைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அறுவடைக்குப் பிறகு உழுந்தோ பயறோ போடுபவர்களுக்கு அது குறைவாகத் தெரியலாம்.

பொற்றாசியத்தில் நுண்ணங்கிகளின் பங்கு சிறிது. கவனிக்க வேண்டியது வைக்கல். நெற்பயிர் எடுக்கும் பொற்றாசியத்தில் சுமார் 80 சதவீதம் வைக்கலில் நிற்கிறது. வைக்கலை வயலிலிருந்து ஏற்றி விற்றால் அதையும் சேர்த்து விற்றதாகும்.

சுண்ணாம்புத் தரையின் வில்லங்கம்: இரும்பும் நாகமும்

புழுதியில் முளைத்த பயிர், வெள்ளம் வரமுன்பே, இளம் இலைகள் வெளிறி மஞ்சளாக நிற்கும் வயல்கள் உண்டு. காற்றோட்டமான சுண்ணாம்பு மண்ணில் இரும்பு கரையாத வடிவில் அடைபட்டிருப்பது இதற்கு ஒரு காரணம். வயலில் நீர் நின்று மண் மூன்றாம் படிக்கு வந்ததும் இரும்பு கரைந்து பயிர் தானாகப் பச்சையாகும். இடையில் யூரியா எறிந்தவர் யூரியாதான் காப்பாற்றியது என்று நம்புவார்.

நாகம், அதாவது துத்தநாகம் (சிங்க்), இதற்கு நேர் எதிர். நீர் நின்றதும் அது குறையும். பிஎச் கூடிய, சுண்ணாம்பு கலந்த மண்ணில் இருகாபனேற்றும் சல்பைட்டும் சேர்ந்து நாகத்தைப் பயிருக்கு எட்டாமல் செய்துவிடும். நெல்லில் நாகக் குறைபாடு என்று இதை முதலில் இனங்கண்டவர் இந்தியாவின் பந்த்நகரில் பணியாற்றிய நேனே. 1966இல் அவர் விளக்கும்வரை வட இந்திய விவசாயிகள் "கைரா" என்றழைத்த இந்த நோய்க்குக் காரணம் தெரியவில்லை. நீர் நின்று இரண்டு முதல் நான்கு கிழமையில் கீழ் இலைகளில் துருப்புள்ளிகள் தோன்றும். இளம் இலையின் அடிநரம்பு வெளிறும், பயிர் குட்டையாக, திட்டுத்திட்டாக நிற்கும். யூரியாவோ ரிஎஸ்பியோ கூடப் போட்டால் குறைபாடு கூடும். குடாநாட்டில் வெள்ளத்துக்குப் பிந்திய மஞ்சளிப்புகளில் நாகத்தை நினைக்காமல் விட்டுவிடுகிறோம் என்பது என் கணிப்பு. நாக சல்பேற்று விலை கூடியதல்ல. அளவை மண்ணைப் பார்த்து விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

கடலோர வயல்களின் கறுத்த வேர்

நாவற்குழி, அராலி போன்ற கடனீரேரி ஓர வயல்களில் உவர் ஏறுவது புதிய கதையில்லை. தொண்டைமானாற்றிலும் அராலியிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டதே கடல்நீரை மறிக்கத்தான். உப்பின் கேடு எல்லோருக்கும் தெரியும். அதோடு கூடவே வரும் சல்பேற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. நீர் நின்று மண் நான்காம் படிக்கு இறங்கினால் அவ்வளவும் ஐதரசன் சல்பைட்டுக்கு மூலப்பொருள்.

இரும்பு நிறைந்த மண்ணில் சல்பைட்டு இரும்போடு சேர்ந்து கறுப்புப் படிவாகி ஆபத்தின்றி உறங்கிவிடும். இரும்பு குறைந்த மணற்பாங்கான மண்ணில் சேர ஆளில்லை. அது வேரின் சுவாசத்தையே தாக்கும். ஜப்பானில் "அக்கியோச்சி" என்ற பெயரில், இலையுதிர் காலத்தில் பயிர் திடீரென்று தளர்வதற்கு இதுவே காரணமாகக் கண்டறியப்பட்டது. பரிகாரம் பசளையில் இல்லை. நீரை வடித்து, மேல்மண் மயிர்வெடிப்பு விடும்வரை சில நாள் காற்றுப்படவிட வேண்டும். அப்படிச் செய்யும்போது மண்ணில் மிஞ்சியிருக்கும் நைதரசனில் கொஞ்சம் இழக்க நேரும். வேர் செத்தால் நைதரசன் இருந்தும் பயனில்லை என்பதால் இந்த நட்டத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மஞ்சளைப் பார்த்து முடிவு செய்வது எப்படி

யூரியா மூடையை அவிழ்க்க முன் வயலின் நாலைந்து இடங்களில் பயிரைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள்.

1. கீழ் இலைகள் முதலில் சீராக மஞ்சளித்து, வேர் செம்பழுப்பாக இருந்தால்: நைதரசன் குறைவு. யூரியா வேலை செய்யும்.
2. இளம் இலைகள் வெளிறி, மண் இன்னும் காய்ந்த நிலையில் இருந்தால்: இரும்பு. நீர் நிற்கும்வரை பொறுக்கலாம்.
3. கீழ் இலைகளில் துருப்புள்ளி, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டை: நாகம்.
4. வேர் கறுத்து, கூழ்முட்டை நாற்றம்: சல்பைட்டு. முதலில் நீரை வடியுங்கள்.
5. இலை நுனி வெளுத்துக் காய்ந்து, வரம்போரம் வெள்ளைப் பூப்பு: உவர். நல்ல தண்ணீரால் கழுவிவிடுவதே வழி.

ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே வரலாம். வெள்ளத்தில் முழுவதும் மூழ்கிக் கிடந்த பயிர், சத்துக் குறைவு எதுவும் இல்லாமலே ஒரு கிழமை மஞ்சளாக நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். புதிய இலை ஒன்று வரும்வரை பொறுத்துப் பார்ப்பது மூடையை அவிழ்ப்பதை விட மலிவு.

2021 தந்த குழப்பம்

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது. அந்தக் காலபோகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அதன் பிறகு நம்மிடையே இரண்டு அணிகள் உருவாகிவிட்டன. ஓர் அணிக்கு யூரியா நஞ்சு, மற்ற அணிக்குச் சேதனப் பசளை ஏமாற்று. மண் இரண்டு அணியிலும் சேராது.

உலர்ந்த மாட்டெருவில் நைதரசன் சுமார் 1 முதல் 1.5 சதவீதம். ஒரு மூடை யூரியாவின் 23 கிலோவுக்கு ஈடாக ஏறக்குறைய 1.5 முதல் 2.3 தொன் எரு வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் அந்தப் போகத்திலேயே விடுபடும். ஒரே பருவத்தில் நாடு முழுவதும் மாறச் சொன்னது, நுண்ணங்கிகளின் வேகத்தை வர்த்தமானியால் மாற்றலாம் என்று நினைத்ததற்குச் சமம். ஆனால் மண்ணின் களஞ்சியத்தை நீண்ட காலத்தில் நிரப்புவது எருவும் குழையும்தான். யூரியா அதைச் செய்யாது.

போத்தலில் வரும் நுண்ணங்கித் திரவங்கள் பற்றியும் கேட்கிறார்கள். ஏற்கனவே கோடிக்கணக்கில் இருக்கும் கூட்டத்துக்குள் ஒரு லீற்றர் புதியவர்களை ஊற்றினால், அங்கே ஒட்சிசனும் உணவும் இல்லாவிட்டால் அவை நிலைக்காது. சூழலைத் திருத்தினால் வேண்டிய நுண்ணங்கி தானாகப் பெருகும். நீர் நின்ற வயலிலேயே காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கும் நீலப்பச்சைப் பாசிகளும் பக்டீரியாக்களும் இலவசமாக வேலை செய்கின்றன. பசளையே போடாத வயல்களில் ஒரு போகத்துக்கு ஹெக்டேயருக்குச் சுமார் 30 கிலோ நைதரசன் இவ்வழியில் சேரலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அசோலா என்ற மிதக்கும் பன்னமும், தன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசியால் இதையே செய்கிறது. யூரியா அதிகமாகக் கரைந்த நீரில் இவையெல்லாம் சோம்பிவிடும்.

குழை, வைக்கல், சணல்

பூவரசங் குழையும் கிளிசரியாக் குழையும் தாழ்ப்பது நமக்குப் பழகிய வேலை. நைதரசன் கூடிய குழை விரைவாக உக்கும். வைக்கலில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. அதை உக்கவைக்கும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனையே கடன் வாங்கும். விதைப்புக்குச் சற்று முன் வைக்கலை உழுதுவிட்டு, பயிர் மஞ்சளிக்கிறதே என்று அங்கலாய்ப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டிலும் நேரம் முக்கியம். பச்சைக் குழையோ வைக்கலோ மண்ணுக்குள் இருக்கும்போதே வயல் நிரம்பினால், ஒட்சிசன் இல்லாத அழுகலில் சேதன அமிலங்கள் சேர்ந்து முளையைக் கருக்கும். மண்ணும் நாலாம், ஐந்தாம் படிகளுக்கு விரைந்து இறங்கி மெதேனும் கூடும். உலகில் மனிதச் செயல்களால் வரும் மெதேனில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களிலிருந்து வருகிறது.

நீர்ப்பாசன வயல்களில் இதைக் குறைக்க நீரை இடையிடையே வற்றவிடும் முறையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் பரப்பி வருகிறது. துளையிட்ட குழாயை மண்ணில் இறக்கி, உள்ளே நீர் மட்டம் 15 சென்ரிமீற்றர் இறங்கியதும் திரும்பப் பாய்ச்சுவார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கிளிநொச்சிக்காரர் அதை யோசிக்கலாம். வானம் பார்த்த நமது வயலுக்கு வைக்கலை எப்போது மண்ணுக்குள் விடுவது என்பதே கையிலுள்ள ஒரே திறப்பு. அறுவடை முடிந்த கையோடு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே உழுதுவிட்டால், காற்றோடு உக்கி முடிய மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போய்விடும்.

பசுந்தாட் பயிரான சணல் (சணப்பை) இதே கணக்கில் பொருந்துகிறது. அறுவடைக்குப் பிறகு எஞ்சும் ஈரத்தில் அது வளர்ந்து, வேர் முடிச்சுகளில் நைதரசனைப் பிடிக்கும். மஞ்சள் பூ விடும் தறுவாயில் மாட்டுக்கு அறுத்துவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் அடிக்கட்டையும் மட்டுமே. பாதியை அறுத்து, பாதியை உழுதுவிடும் வயல்காரர்கள் இருக்கிறார்கள். அதையும் பூ முற்றி நார் இறுகமுன் உழுதுவிட வேண்டும். இறுகிய நார் வைக்கலைப் போலவே நைதரசனைக் கடன் கேட்கும்.